'காலம் பதில் சொல்லும்' என்று முடிகிற கவிதைகள்: கொடுங்கோலும் ஊழும் பற்றி ஒரு விவாதம்

ஜார்ஜ்டவுன் வாசகர் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். பினாங்கில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் சிறிய வாசகர் வட்டத்தின் வரவிருக்கும் சந்திப்பு ஒன்றைக் கவிதை வாசிப்புக்கென ஒதுக்கியிருக்கிறோம். கொடுங்கோன்மை, ஊழ், பேரரசுகளின் வீழ்ச்சி ஆகியவைதாம் பொருள். இளையோர் எழுதி அனுப்பிய பதினான்கு கவிதைகள் என் மேசையில் இருக்கின்றன. தமிழ்ப்பள்ளியை விட்டு வெளியேறிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் தமிழில்தான் எழுதுவேன் என்று நினைக்கிற பதினான்கு பேர் நம் ஊரில் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் இரண்டு இரவுகள் உட்கார்ந்து அவற்றைப் படித்து முடித்தபோது ஒரு கவலையும் சேர்ந்துகொண்டது. பதினான்கில் ஒன்பது கவிதைகள் ஏறத்தாழ ஒரே இடத்தில் போய் முடிகின்றன. கோட்டை மண்ணாகும், கொடி சாயும், காலம் பதில் சொல்லும். இந்தக் கடைசித் தொடர் மட்டும் ஐந்து கவிதைகளில் எழுத்து மாறாமல் வருகிறது.

அது பொய்யான தொடர் என்று நான் சொல்ல வரவில்லை. மாலையில் பாடாங் கோத்தா கடற்கரையில் நடக்கும்போதெல்லாம் மதுரைக்காஞ்சியின் அடிகள் என் நினைவுக்கு வருகின்றன. 'திரையிடு மணலினும் பலரே உரைசெல மலர்தலை உலகம் ஆண்டு கழிந்தோரே.' அலை கொண்டுவந்து ஒதுக்கும் மணலைவிட, உலகை ஆண்டு மறைந்தவர்கள் அதிகம் என்கிறார் மாங்குடி மருதனார். ஆனால் அவர் அதை யாரிடம் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். தலையாலங்கானத்துப் போரை வென்று, புகழின் உச்சியில் இருந்த பாண்டியன் நெடுஞ்செழியனை முன்னிலைப்படுத்திச் சொன்னார். பாலைவனத்தில் உடைந்து கிடக்கும் சிலையைப் பற்றி ஷெல்லி 1818இல் வெளியிட்ட 'ஓசிமாண்டியஸ்' எனக்கு மிகவும் பிடித்த கவிதைதான். இருந்தாலும் அந்தச் சிலைக்கு உரிய மன்னன் இறந்து மூவாயிரம் ஆண்டுகள் ஆகியிருந்தன. மருதனாரின் மன்னனுக்குக் காது கேட்டுக்கொண்டிருந்தது.

நம் இளையோரின் கவிதைகளில் வரும் 'காலம்' யாருடைய காதில் விழ வேண்டும் என்று எழுதப்பட்டது? அடிபட்டவனுக்கு ஆறுதலா, அடித்தவனுக்கு எச்சரிக்கையா, அல்லது எழுதுகிறவர் எதையும் சொல்லாமல் கவிதையை முடித்துக்கொள்ள உதவும் ஒரு வழியா? இதை அவர்களிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெளிவாகவில்லை. உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் தமிழாசிரியை எழுதியது:

ஐயாவுக்கு வணக்கம். ஊழையும் காலத்தையும் அரசியல் கவிதையிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்ற முடிவுக்கு நாம் போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். அப்படி வெளியேற்றினால் முதலில் வெளியே போவது சிலப்பதிகாரமாகத்தான் இருக்கும்.

பதிகத்தில் இளங்கோ மூன்று உண்மைகளைச் சொல்கிறார். அவற்றில் 'அரைசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதூஉம்' என்பதும் 'ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும் என்பதூஉம்' என்பதும் ஒரே மூச்சில் வருகின்றன. ஆட்சியில் தவறியவனுக்கு அறமே எமன் ஆகும். முன்செய்த வினை விடாமல் வந்து பயனைக் கொடுக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதுபோல் தோன்றும். எல்லாம் வினைப்பயன் என்றால் பாண்டியன் எப்படிக் குற்றவாளி ஆவான்? இந்தக் கேள்வியை ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவராவது என்னிடம் கேட்கிறார்.

நான் அவர்களுக்குக் காட்டுவது இரண்டு இடங்களை. பொற்கொல்லன் பேச்சைக் கேட்டு மன்னன் காவலர்களை ஏவும் கட்டத்தில் 'வினைவிளை காலம் ஆதலின்' என்று இளங்கோ சொல்லிவிடுகிறார். கோவலனின் வினை விளையும் நேரம் வந்துவிட்டது, அதனால் மன்னன் ஆராயாமல் பேசினான் என்பது கவிஞரின் கூற்று. இப்போது வழக்குரை காதைக்கு வாருங்கள். கண்ணகி சிலம்பை உடைக்கிறாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. உடைந்த சிலம்பிலிருந்து தெறிப்பது மாணிக்கம். அது எங்கே தெறிக்கிறது? 'மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே.' சபையில் எத்தனையோ இடம் இருக்க, 'கொன்று அச்சிலம்பு கொணர்க' என்று உத்தரவிட்ட அதே வாயின் அருகில் போய் விழுகிறது அந்தக் கல். அந்த நொடியில் பாண்டியன் 'எல்லாம் விதி, என் செய்வேன்' என்று சொல்லியிருக்கலாம். காப்பியமே அவனுக்கு அந்தச் சொல்லை முன்கூட்டித் தயாராக வைத்திருக்கிறது. அவன் அதைத் தொடவில்லை. 'யானோ அரசன், யானே கள்வன்' என்கிறான். 'என்முதல் பிழைத்தது, கெடுக என் ஆயுள்' என்று உயிரை விடுகிறான்.

ஊழைப் பற்றிப் பேசும் உரிமை கவிஞருக்கு உண்டு, ஆள்பவனுக்கு இல்லை என்ற அரசியலை இளங்கோ இந்த இரண்டு காட்சிகளுக்கு நடுவே வைத்திருக்கிறார் என்று நான் நம்புகிறேன். ஆகவே உங்கள் இளையோரிடம் 'காலம் பதில் சொல்லும்' என்ற தொடரை அடித்துவிடச் சொல்வதைவிட, கவிதைக்குள் அதை யார் சொல்கிறார் என்று கேளுங்கள். ஆள்பவன் சொன்னால் அது ஒரு பொருள், ஆளப்படுகிறவர் சொன்னால் வேறு பொருள்.

செந்தூல் மாணவர் எழுதியது:

ஆசிரியை அம்மா சொன்ன சிலம்புக் காட்சியைப் படித்தவுடன் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. யார் சொல்கிறார் என்பதோடு, பக்கத்தில் நிற்பவர் என்ன மறுமொழி சொல்கிறார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கம்பனில் முடி பறிபோன செய்தி கேட்டு இலக்குவன் கொதிக்கும்போது இராமன் அவனை ஆற்றுகிறான். 'நதியின் பிழையன்று நறும்புனல் இன்மை.' ஆற்றில் நீர் வற்றிப்போவது ஆற்றின் குற்றமில்லை; அதுபோல் இது தந்தையின் பிழையில்லை, தாயின் பிழையில்லை, பரதன் பிழையும் இல்லை, விதியின் பிழை. இதைவிட அழகாக யாரும் விதியைப் பேசிவிட முடியாது. மேடையில் இந்தப் பாட்டோடு நிறுத்திக்கொள்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆனால் கம்பன் நிறுத்தவில்லை. அடுத்து இலக்குவன் வாய் திறக்கிறான். உலையில் துருத்தி ஊதி எழுப்பிய தீயைப்போல் மனம் கொதிக்கிறது, இதை எப்படி ஆற்றுவேன் என்று கேட்டுவிட்டு, 'விதிக்கும் விதியாகும் என் வில்தொழில் காண்டி' என்கிறான். விதிக்கே விதி எழுதுகிறேன் பார் என்ற அந்த வரி இல்லாமல் முன்னதை மட்டும் படித்தால் கம்பனைப் பாதியாக வெட்டிப் படித்தவர்கள் ஆகிவிடுவோம்.

பாரதி இதையே பாஞ்சாலி சபதத்தில் இன்னும் கூர்மையாகச் செய்கிறார். வீமன் சகாதேவனைப் பார்த்து, 'இது பொறுப்பதில்லை தம்பி, எரிதழல் கொண்டுவா' என்கிறான். சூதாடி நாட்டையும் மனைவியையும் தோற்ற அண்ணனின் கையை எரித்துவிடலாம் என்கிறான். அருச்சுனன் அவனைத் தடுத்துப் பேசுகிறான். 'தருமத்தின் வாழ்வதனைச் சூது கவ்வும், தருமம் மறுபடி வெல்லும்' என்பது அவன் வாக்கு. அதே பேச்சில்தான் 'கட்டுண்டோம், பொறுத்திருப்போம், காலம் மாறும்' என்கிறான். உங்கள் ஐந்து கவிஞர்களின் வரி இதுதான் ஐயா. பாரதியே எழுதியிருக்கிறார். ஆனால் அதற்கு முன்னால் வீமனின் நெருப்புக் கேட்கும் குரல் இருக்கிறது. அதற்கு முன்னால், பாஞ்சாலியைக் கூந்தல் பிடித்து இழுத்துப் போகும்போது தெருவில் நின்று புலம்பிய ஊராரை 'நெட்டை மரங்களென நின்று புலம்பினார்' என்று பாரதி சீறும் குரல் இருக்கிறது. அதற்குப் பின்னால் சபதங்கள் இருக்கின்றன. இவ்வளவு சூட்டின் நடுவே வைத்தால் 'காலம் மாறும்' என்பது பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் சொல்லாகிவிடுகிறது. இதைத் தனியே பிடுங்கி ஒரு கவிதையின் கடைசி வரியாக நட்டால் அந்த ஊரார் புலம்பலாகத்தான் ஒலிக்கும்.

ஜாரின் வீழ்ச்சி பற்றிய பாட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். 1917இல் ருஷ்யாவில் நடந்ததற்குப் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதி 'மாகாளி பராசக்தி' கடைக்கண் வைத்ததைக் காரணமாகச் சொல்கிறார். அதுவும் விதிதான் என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் இமயமலை வீழ்ந்ததுபோல் ஜார் வீழ்ந்தான் என்று பாடியவர், அவனைச் சூழ்ந்து நின்று சதிசெய்து அறத்தைக் கொன்றவர்கள் புயலில் மரங்கள் விழுந்து காடெல்லாம் விறகானதுபோல் சரிந்தார்கள் என்றும் பாடுகிறார். விறகு என்ற சொல்லில் நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன். காட்டுக்கு வெளியே அடுப்புகள் காத்திருக்கின்றன என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது.

நிபோங் திபால் தோட்டத்து மகள் எழுதியது:

நீங்கள் மூவரும் எழுதியதை மரியாதையோடு படித்தேன். ஆனால் மூவரின் கண்ணும் அரியணையின் மேலேயே இருக்கிறது. பாண்டியன் எப்படி விழுந்தான், ஜார் எப்படி விழுந்தான் என்று பேசுகிறீர்கள். விழும்போது யார்மேல் விழுந்தான் என்று யாரும் கேட்கவில்லை.

ஆசிரியை அம்மா காட்டிய அதே சிலப்பதிகாரத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது. நெடுஞ்செழியன் இறந்த பிறகு கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் பாண்டிய நாட்டுக்கு அரசனாகிறான். நாட்டின் துன்பம் தீர அவன் என்ன செய்தான்? பொற்கொல்லர் 'ஈரைஞ்ஞூற்றுவரை', அதாவது ஆயிரம் பேரை, ஒரே பகலில் கண்ணகிக்கு உயிர்ப்பலி கொடுத்தான். திருடியவன் ஒரு கொல்லன். தீர்ப்பை ஆராயாமல் சொன்னவன் ஒரு மன்னன். செத்தவர்கள் அந்தத் தொழிலைச் செய்த குற்றத்துக்காக ஆயிரம் பேர். அவர்களுக்கு மனைவியர் இருந்திருப்பார்கள். அந்த ஆயிரம் பெண்களில் ஒருத்தியாவது சபைக்குப் போய் 'தேரா மன்னா' என்று கேட்டாளா என்று காப்பியம் சொல்லவில்லை. நான் பள்ளியில் சிலப்பதிகாரம் படித்தபோது இந்த வரியை எனக்கு யாரும் காட்டவில்லை. முப்பது வயதுக்குப் பிறகு நானே படித்துக் கண்டு, அன்று இரவு தூங்காமல் இருந்தேன்.

இது ஏன் எனக்கு இவ்வளவு வலிக்கிறது என்றால், எங்கள் வீட்டில் ஒரு பேரரசின் வீழ்ச்சி நடந்திருக்கிறது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்ததோடு வெள்ளைக்காரன் ஆட்சி மலாயாவில் அப்போதைக்கு முடிந்தது. என் கொள்ளுத்தாத்தா அப்போது தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். ஆண்டான் விழுந்தான் என்று அவர் கொண்டாடுவதற்குள் சயாமுக்கு ஆள் எடுக்க ஜப்பானியர் வந்துவிட்டார்கள். பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை, 1943 அக்டோபருக்குள் போட்டு முடித்தார்கள். போனவர்களில் நம் தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரமாயிரம் பேர். என் கொள்ளுத்தாத்தா திரும்பவில்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளாக இறந்த நேச நாட்டுப் படைவீரர்கள் ஏறக்குறைய 7000 பேருக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. நான் போய்ப் பார்த்தேன். புல்லை ஒழுங்காக வெட்டி, ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் பூச்செடி வைத்திருக்கிறார்கள். நம்மவர்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. எந்தக் கல்லின் முன்னால் கும்பிடுவது என்று தெரியாமல், கொண்டுபோன கற்பூரத்தை ஆற்றங்கரையில் ஏற்றிவிட்டு வந்தேன்.

எங்கள் வீட்டு பிஸ்கட் டின்னில் வாழைமரம் அச்சிட்ட ஜப்பானியப் பத்து வெள்ளி நோட்டுகள் ஒரு கட்டு இருக்கின்றன. கொள்ளுப்பாட்டி அவற்றைத் தூக்கி எறியவில்லை. மதிப்புத் திரும்பும் என்று நம்பியதால் இல்லை. அவர் புருஷன் போவதற்கு முன்னால் கையில் கொடுத்துவிட்டுப் போன பணம் அது. காலம் பதில் சொல்லும் என்று எழுதுகிற தம்பி தங்கைகள் அந்தக் கட்டை ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

பிரிக்பீல்ட்ஸ் தமிழாசிரியை எழுதியது:

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நீர்ப்படைக் காதையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இருபது ஆண்டுகளாகச் சிலப்பதிகாரம் நடத்துகிறேன். அந்த ஆயிரவரின் வரியைப் பாண்டிய நாட்டின் அடுத்த நிகழ்வு என்ற அளவில் கடந்து போயிருக்கிறேன். வறுமையும் வெப்பு நோயும் நீங்க மன்னன் சாந்தி செய்தான் என்று உரைபெறு கட்டுரை சொல்வதையும் அப்படியே மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

மதுரையை எரிக்கும்போது கண்ணகி யாரை விட்டுவிட வேண்டும் என்று தீக்கடவுளிடம் சொல்கிறாள். மூத்தோர், குழந்தைகள், பத்தினிப் பெண்டிர் என்று பட்டியல் நீள்கிறது. கோபத்தின் உச்சியிலும் அவளுக்கு அந்தக் கணக்கு இருந்தது. புதிய மன்னனுக்கு அது இல்லை. இந்த ஒப்பீட்டை இனி வகுப்பில் சொல்வேன். நீங்கள் சொன்னபடி, அறம் எமனானது என்று நான் கொண்டாடிய இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, அந்த எமன் தவறான வீடுகளுக்கும் போயிருக்கிறான்.

பட்டர்வொர்த் அன்பர் எழுதியது:

இந்த விவாதத்தில் ஒரு பெரிய பேரரசை நாம் இன்னும் பேசவில்லை. பேசத் தயங்குகிறோம் என்றே நினைக்கிறேன். நான் சொல்வது சோழரை.

விடுமுறை நாள்களில் மெர்போக் பக்கம், பூஜாங் பள்ளத்தாக்கின் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவது என் வழக்கம். புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளத்தைச் சுற்றி நடக்கும்போது நம்மவர்கள் பலர் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். இந்தக் கெடாதான் பழைய கடாரம். கடாரம் கொண்டான் என்ற பட்டத்தைச் சொல்லும்போது நம் குரலே மாறிவிடுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் பொறித்திருக்கும் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியை, அவன் வெற்றிகளைப் புகழும் அந்தக் கல்வெட்டுப் பாட்டை, நான் மனப்பாடமாகச் சொல்வேன். 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' என்று அது கடாரத்தைப் பாடத் தொடங்கும் இடத்தில் எந்தத் தமிழனுக்கும் மெய் சிலிர்க்கும். கவிதை என்ற அளவில் அது உயர்ந்த கவிதை.

ஆனால் ஒருநாள் என் மகள் கேட்டாள். அப்பா, கப்பல்கள் வந்து இறங்கியபோது இங்கே இருந்தவர்கள் என்ன பாடினார்கள் என்றாள். எனக்கு மறுமொழி இல்லை. மெய்க்கீர்த்தியில் கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்க வர்மனின் பெயர் இருக்கிறது, அவனிடமிருந்து யானைகளையும் பெருநிதியையும் கவர்ந்த செய்தி இருக்கிறது, அவன் நகர வாயிலின் வித்தியாதர தோரணம் இருக்கிறது. வாயிலுக்கு உள்ளே வாழ்ந்தவர்கள் இல்லை. இத்தனைக்கும் இராசராசன் காலத்தில் கடாரத்து அரச குடும்பம் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டியது. அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே சோழன் எழுதிக் கொடுத்தான். அந்த நட்புக்கும் 1025இல் இராசேந்திரன் நடத்திய படையெடுப்புக்கும் நடுவே ஓர் இருபது ஆண்டுகள்தாம்.

வென்றவனின் கவிதையும் தோற்றவளின் கவிதையும் நம் மொழியில் இருக்கின்றன. பாரி மகளிரின் 'அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்' என்ற பாட்டு ஐந்தே அடிதான். போன மாதத்து நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களுடையது. இந்த மாதத்து நிலவில் முரசு கொட்டிய வேந்தர்கள் குன்றைக் கொண்டார்கள், நாங்கள் தந்தையை இழந்தோம். வேந்தர்களைத் திட்டவில்லை, அவர்கள் அழிவார்கள் என்று சபிக்கவில்லை, காலத்தைச் சாட்சிக்கு அழைக்கவும் இல்லை. 'வென்று எறி முரசின்' என்ற அடை ஒன்றே மூவேந்தரின் பெருமையையும் இடித்துவிடுகிறது, ஏனென்றால் அந்த வெற்றி வஞ்சனையால் வந்தது என்பது கேட்பவர் எல்லோருக்கும் தெரியும். கடாரத்து மகளிருக்கும் இப்படி ஒரு நிலவு இருந்திருக்கும். கொடுங்கோன்மையைப் பற்றித் தமிழில், அதுவும் பினாங்கில் உட்கார்ந்து எழுதுகிறவர், அந்த நிலவையும் எழுதிப் பார்க்க வேண்டும்.

செந்தூல் மாணவர் எழுதியது:

அன்பர் சொல்வதை முழு மனத்தோடு ஏற்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 1025இல் நடந்ததற்காக இன்றைய இளையோர் தலைகுனிய வேண்டும் என்ற தொனியில் இதைச் சொன்னால் அவர்கள் சோழரைப் பற்றி எழுதுவதையே விட்டுவிடுவார்கள். பெருமையும் இருக்கட்டும், கேள்வியும் இருக்கட்டும்.

ஐயாவின் முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். ஆள்பவனின் காதில் விழும்படி எழுதுவது எப்படி என்பதற்குப் புறநானூற்றின் 46ஆம் பாட்டைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. பகை மன்னன் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடச் சொல்லியிருக்கிறான் சோழன் கிள்ளிவளவன். புலவர் கோவூர் கிழார் நடுவே போய் நிற்கிறார். புறாவுக்காகத் தன்னையே கொடுத்தவனின் மரபில் வந்தவன் நீ என்கிறார் முதலில். பிறகு பிள்ளைகளின் பக்கம் கையைக் காட்டுகிறார். 'களிறு கண்டு அழூஉம் அழாஅல் மறந்த புன்தலைச் சிறாஅர்.' அழுதுகொண்டிருந்த சிறுவர்கள், தங்களைக் கொல்லப்போகும் யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிட்டார்கள். குழந்தைகளுக்கு யானை என்றால் வியப்பு. மன்றத்தில் கூடியிருக்கும் புதிய முகங்களை மருண்டு பார்க்கிறார்கள். இவ்வளவையும் காட்டிவிட்டு, 'கேட்டனை ஆயின் நீ வேட்டது செய்ம்மே' என்று நிறுத்துகிறார். கேட்டுவிட்டாய் அல்லவா, இனி நீ விரும்பியதைச் செய்.

இந்த இடத்தில் கோவூர் கிழார், உனக்கும் ஒருநாள் முடிவு வரும் என்று சொல்லியிருக்கலாம். குறளில் உள்ளதுபோல், அல்லற்பட்டு ஆற்றாது அழுத கண்ணீர் செல்வத்தைத் தேய்க்கும் படையாகும் என்று எச்சரித்திருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் மன்னனின் கவனம் தன் எதிர்காலத்தின்மேல் போயிருக்கும். அவர் அதைப் பிள்ளைகளின் புழுதி படிந்த தலைகள்மேலேயே நிறுத்தி வைத்தார். அவருக்கு அந்தப் பொழுது மட்டும்தான் இருந்தது. காலம் பதில் சொல்வதற்குள் யானை காலைத் தூக்கியிருக்கும்.

ஜார்ஜ்டவுன் வாசகர் எழுதியது:

எல்லோருக்கும் என் நன்றி. உங்கள் பதிவுகளை அச்செடுத்துச் சனிக்கிழமை வாசகர் வட்டத்துக்குக் கொண்டுபோனேன். யானையைக் கண்டு அழுகையை மறந்த சிறுவர்களைப் பற்றிப் படித்தபோது அறையில் யாரும் பேசவில்லை. தோட்டத்து மகள் எழுதியதை ஓர் இளைஞர் வாங்கி இரண்டாம் முறை உரக்கப் படித்தார்.

அதன் பிறகு நான் அவர்களுக்கு நம் ஊரில் நடந்த ஒன்றைச் சொன்னேன். 1786இல் பிரான்சிஸ் லைட் இறங்கிக் கொடி ஏற்றிய இடத்தில்தான் கார்ன்வாலிஸ் கோட்டை நிற்கிறது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அங்கே அந்தக் கொடியை இறக்கியவர் யார் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. 1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுனில் குண்டு போட்டன. மக்கள் ஓடி ஒளியாமல் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், அதனாலேயே நிறையப் பேர் மடிந்தார்கள். சில நாள்களுக்குள் ஐரோப்பியர்கள் மட்டும் கப்பலேறிப் போனார்கள். ஊர்மக்களிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. விட்டுப்போன ஊரில், 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' செய்தித்தாளின் ஆசிரியராக இருந்த சரவணமுத்து என்ற இலங்கைத் தமிழர்தாம், மேலும் குண்டு விழக்கூடாது என்பதற்காகக் கோட்டையின் பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக் கொடியை ஏற்றினார். நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் பறந்த பேரரசின் கொடி, அதை ஏற்றியவர்களின் கை படாமலேயே இறங்கியது.

'காலம் பதில் சொல்லும்' என்று முடித்திருந்த ஐவரில் ஒருவர், இருபத்திரண்டு வயதுப் பெண், அந்தக் கவிதையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். மூன்று நாள் கழித்து இதை அனுப்பினார். அவர் அனுமதியோடு இங்கே தருகிறேன்.

கயிற்றை அவிழ்த்தவர் நம்மவர்.
இறங்கிய கொடியை
எங்கே மடித்து வைத்தார் என்று
பாட்டியிடம் கேட்டேன்.
அவள் அம்மா சொன்னாளாம்:
கொடியை யார் பார்த்தது,
அரிசிக் கிடங்கு திறந்திருக்கிறதா என்று
ஊரே ஓடிக்கொண்டிருந்தது.
எங்களுக்கு இரண்டு படி கிடைத்தது.
பக்கத்து வீட்டுச் சீனத்திக்கு ஒரு படி.

எனக்கு இதில் ஒரே ஓர் ஐயம். முதல் அடியில் 'நம்மவர்' என்ற சொல் வேண்டுமா? அந்த ஒரு சொல்லில் கொஞ்சம் பெருமை தட்டுகிறது. மற்ற எல்லா அடிகளும் அதிலிருந்து விலகியே நடக்கின்றன. எடுத்துவிடச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன்.

நிபோங் திபால் தோட்டத்து மகள் எழுதியது:

ஐயா, எடுக்கச் சொல்லாதீர்கள். அந்தப் பெண் முதல் அடியில் நம்மவர் என்கிறாள், கடைசி அடியில் பக்கத்து வீட்டுக்காரியைக் கொண்டுவருகிறாள். இரண்டு படி அரிசியிலிருந்து ஒரு படி போகிறது. முதலில் 'நம்மவர்' இல்லாவிட்டால் அந்தக் கடைசிப் படியின் கனம் தெரியாது. கொடியை இறக்கியவர் மட்டும் நம்மவர் என்று தொடங்கியவள், முடிக்கும்போது யாரை எல்லாம் அந்தச் சொல்லுக்குள் சேர்த்திருக்கிறாள் என்று இன்னொருமுறை படித்துப் பாருங்கள்.

ஆனால் 'கிடைத்தது' என்ற சொல்லைப் பற்றி அவளிடம் பேசுங்கள். திறந்து கிடந்த கிடங்கிலிருந்து அரிசி தானாகக் கிடைக்காது. முண்டியடித்து, சுமந்துகொண்டு வந்திருப்பார்கள். அவள் பாட்டியிடம் இன்னொருமுறை போய், யார் சுமந்து வந்தது என்று கேட்கட்டும். பாட்டிக்கு நினைவிருந்தால் அந்த ஆளும் கவிதைக்குள் வரட்டும். வாசிப்பு எந்தத் தேதி என்று சொல்லுங்கள். நான் பஸ் பிடித்து வருகிறேன், பிஸ்கட் டின்னையும் எடுத்து வருகிறேன்.